கம்பு சுழல்கிறது, கால் எங்கே?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், வாட்ஸ்ஆப் குழுக்களில் விளம்பரங்கள் வரிசை கட்டும். மூன்றே மாதத்தில் சிலம்பம், சான்றிதழ், மேடை ஏறும் வாய்ப்பு, சேர்ந்தால் விளக்கு எரியும் கம்பு இலவசம். நான் கோலாலம்பூர் செந்தூலில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் பிள்ளைகள் கம்பெடுத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கலை என்ற பெயரில் அவர்கள் கையில் எதைக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள் என்று பெற்றோர் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வேறு வகுப்பிலிருந்து என்னிடம் வரும் பிள்ளையை முதலில் சுழற்றச் சொல்வேன். பெரும்பாலும் நன்றாகவே சுழற்றும், முதுகுக்குப் பின்னால்கூடக் கை மாற்றும். பாதியில் "நில்" என்பேன். அங்கேதான் தெரிந்துவிடும். கம்பு நிற்காது. இன்னும் ஒன்றரைச் சுற்று ஓடி முழங்காலிலோ தரையிலோ அடித்துத்தான் ஓயும். காலைப் பார்த்தால் இரண்டு பாதமும் ஒட்டி, சிலைபோல நிற்கும். சுவடு என்கிற காலடி வரிசையே இல்லை.

அப்படி வந்த ஒரு பையனின் அம்மா, "மாஸ்டர், இவன் வேகம் பார்த்தீங்களா? எப்ப மேடை ஏத்துவீங்க?" என்று கேட்டார். "வேகம் இருக்கும்மா, பிரேக்தான் இல்ல" என்றேன். சிரித்தார். அப்புறம்தான் சொன்னார், வீட்டில் தங்கச்சி நெற்றியில் ஏற்கெனவே ஓர் அடி விழுந்திருக்கிறதாம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாலடிக் கம்பை நடுவில் பிடித்து விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டும். தாமான் குடியிருப்புச் சந்துக்குள் மோட்டார் சைக்கிள் போகிற வேகம் அது. ஆறு வயதுப் பிள்ளை அதை ஹாலில், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்று செய்கிறது. எதிராளியின் தலைக்கு ஒரு சாண் முன்னால் கம்பை நிறுத்துகிற கட்டுப்பாடு வருவதற்குத்தான் ஆசான்கள் மாதக்கணக்கில் காலடியும் வீச்சும் பழக்கினார்கள். மூன்று மாதப் பேக்கேஜில் முதலில் வெட்டப்படுவது அதுதான். காலடி வீடியோவில் எடுபடாது, சுழற்சி எடுபடும்.

கம்பையும் பாருங்கள். விளக்குக் கம்பு என்பது உள்ளே காலியான பிளாஸ்டிக் குழாய். கனமே இல்லாததால் பிள்ளை தோளையும் இடுப்பையும் மறந்து மணிக்கட்டை மட்டும் முறுக்கிப் பழகும். பிறகு உண்மையான பிரம்பைக் கொடுத்தால் கை வலிக்கும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு பதின்ம வயதில்தான் மெல்ல மூடும். அதுவரை ஒரே மூட்டில் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றுவது நல்லதல்ல. மணிக்கட்டு வலி என்று பிள்ளை சொன்னால் எண்ணெய் தேய்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, எந்தக் கம்பு வாங்கலாம்? மூங்கில் நீளவாக்கில் பிளந்து சிலாம்பு ஏறும். பிரம்பு நுனியில் நார்நாராகப் பிரியும், அவ்வளவு ஆபத்தில்லை. நம் நாட்டில் பிரம்புக்குப் பஞ்சமா என்ன? பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் செலவு.

மலேசியாவில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2009ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதிமுறைகள் உண்டு. அந்தத் தரத்துக்கு ஒத்துப்போகிறது என்று காட்டும் எம்.சி. முத்திரை இருக்க வேண்டும். பெற்றோர் இணையத்தில் வாங்கிக் கொண்டுவந்த விளக்குக் கம்பு ஒன்றில் அதைத் தேடினேன், காணோம். பெட்டியில் 'பயிற்சிக் கருவி' என்று போட்டிருந்தது. பயிற்சிக் கருவி என்றால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? அதுவும் இல்லை. படத்தில் சிரிக்கிற குழந்தைதான் இருந்தது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது சாதனை வியாபாரம். பானை மேல் ஏறி நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் இடைவிடாமல் சுழற்றினால் 'உலக சாதனை'. கேள்விப்படாத பெயரில் ஒரு சாதனைப் புத்தகம், தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று கட்டணம், பதக்கம், சட்டம் போட்ட சான்றிதழ், மாலை போட்டுப் படம். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் சாதனை கெட்டுவிடும் என்று தடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதில் சிலம்பம் எங்கே இருக்கிறது?

தகுதியைக் காட்ட இடுப்பில் கட்டும் பட்டை வார் விவகாரமும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், எட்டு வயதில் கறுப்பு வார். டேக்வாண்டோவின் தலைமையிடமான கொரியாவின் குக்கிவோனே 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டான் என்கிற கறுப்பு வார்த் தகுதி தருவதில்லை. பூம் என்று தனித் தகுதிதான், அதன் வார் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அங்கேயே அப்படி என்றால் இங்கே என்ன அவசரம்?

சின்னப் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் ஐந்து வயதுக்காரர்கள் ஆரம்ப வாரங்களில் கம்பே தொடுவதில்லை. தரையில் சாக்குக்கட்டியால் சுவடு வரைந்துவிடுவேன், தாவிக்கொண்டே இருப்பார்கள். பிறகு நாளிதழைச் சுருட்டி டேப் ஒட்டிய தடி. அதால் என்னை அடிக்க வேண்டும், நான் தொப்பியைக் கழற்றியதும் நிறுத்த வேண்டும். கத்திக் கூச்சல் போட்டு ஆடுவார்கள். பக்கத்து மண்டபத்து யோகா ஆட்களுக்குத்தான் கஷ்டம்.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இரண்டு கம்பு தூரமாவது இருக்கிறதா, ஆசான் "நில்" என்றால் எல்லாக் கம்பும் நிற்கிறதா என்று கவனியுங்கள். வகுப்பு நடத்தும் சங்கம் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற்றதா, 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. பயிற்றுநருக்குத் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் உண்டா, முதலுதவி தெரியுமா என்றும் தயங்காமல் விசாரியுங்கள். என்னிடம் வந்தாலும் கேளுங்கள், கோபப்பட மாட்டேன். கம்பு வீட்டுக்கு வந்தபின் அது ஹாலில் சாய்ந்து நிற்க வேண்டாம். அலமாரி மேல் வையுங்கள், பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கட்டும்.