பேசாமல் இருப்பது பொறுமை இல்லை

“நான் கை ஓங்கினதில்ல மேடம். ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. கோபம் வந்தா பேசமாட்டேன், அவ்ளோதான்.”

இந்த வாரமும் ஒருவர் இதைச் சொன்னார். பெருமையாகவே சொன்னார். பக்கத்தில் இருந்த மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியாக அவர்களுக்குள் பேச்சு நின்றது பதினோரு நாள். எதற்காக என்று கேட்டேன். இருவருக்குமே சரியாக நினைவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தம்பதி ஆலோசனையில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ஆண்கள் மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். மனைவிகள் சொல்கிறார்கள், அம்மாக்கள் சொல்கிறார்கள், வளர்ந்த பிள்ளைகளும் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள்: “பேசினாத்தானே சண்டை? நான் பொறுமையா இருந்துடறேன்.”

அது பொறுமை இல்லை. பொறுமையாக இருப்பவர் “சாப்பிட்டியா?” என்று கேட்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், முகம் பார்ப்பார். நீங்கள் செய்வது தண்டனை. எத்தனை நாள், எந்தக் குற்றத்துக்கு, எப்போது விடுதலை என்று எதுவும் சொல்லாத தண்டனை. திட்டினால் பதில் பேசலாம், அழலாம், மன்னிப்புக் கேட்கலாம். பேசாத முகத்திடம் எதைக் கேட்பது?

அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்று மனைவியிடம் தனியாகக் கேட்டேன். சாயங்காலம் கணவர் சாவியை மேசையில் வைக்கும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கணிப்பாராம். வாட்ஸ்அப்பில் ‘டைப்பிங்’ என்று வந்து, எதுவும் வராமலே மறையும்போது வயிறு பிசையுமாம். “அப்பாகிட்ட சாப்பாடு ரெடின்னு சொல்லு” என்று குழந்தையை அனுப்புவாராம். அதுவும் அறைக்கும் அறைக்கும் நடந்து தூது சொல்லியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு “எங்க வீட்ல சத்தமே இருக்காது” என்கிறார் கணவர்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு பரிசோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா, திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். அம்மாவின் முகம் மாறாது. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அல்லது உடைந்து அழும். அங்கே யாரும் குழந்தையை அடிக்கவில்லை, அதட்டவில்லை. வளர்ந்தவர்கள் வாய்விட்டு அழுவதில்லை. தூக்கம் கெடுகிறது, தலைவலி வருகிறது, ‘நான் என்ன தப்பு பண்ணினேன்?’ என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதே ட்ரோனிக் சொன்ன இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவும் குழந்தையும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்து ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே போகிறது. ஆகவே ‘சண்டையே வராத ஜோடி’ என்று கனவு காணாதீர்கள். நாங்கள் ஆலோசனையில் சண்டையின் காரணத்தை விட, சண்டைக்குப் பிறகு யார் எப்படித் திரும்பி வருகிறார் என்பதைத்தான் அதிகம் கவனிப்போம். உறவில் பாதுகாப்பு என்பது ‘இவர் கோபப்பட்டாலும் என்னை விட்டு விலகமாட்டார்’ என்ற நிச்சயம். அது திரும்பி வருவதில்தான் உருவாகிறது.

பேச்சை நிறுத்துபவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாயைத் திறந்தால் அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. வெளியே அசையாமல் உட்கார்ந்திருப்பார், உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்ளும். தம்பதிகள் வாக்குவாதம் செய்யும்போது கருவி வைத்து இதயத்துடிப்பை அளந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். எனவே எழுந்து போவது தவறில்லை. சொல்லாமல் போவதுதான் தவறு.

“இப்ப என்னால பேச முடியல. ராத்திரி சாப்பிட்டதும் பேசலாம்.” இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் குறிப்பிடுங்கள், ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள். தனியாக இருக்கும்போது ‘அவ அன்னைக்கு என்ன சொன்னா’ என்று வாதத்துக்கு ஒத்திகை பார்த்தால் இதயம் அடங்காது. கொஞ்சம் நடங்கள், பாட்டுக் கேளுங்கள். சொன்ன நேரத்தில் பேச்சைத் தொடங்க வேண்டியவர் நீங்கள்தான். அவர் வந்து கெஞ்சட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவகாசம் கேட்டவரை அறை அறையாகத் துரத்தாதீர்கள். வரிசையாக மெசேஜ் போடாதீர்கள். அவர் தயங்கித் தயங்கி வந்து நிற்கும்போது “இப்பதான் வாய் வந்துச்சா?” என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வி அடுத்த பத்து நாளுக்கு வாயை அடைத்துவிடும். பழைய கணக்கையும் அன்றைக்குப் பிரிக்க வேண்டாம்.

குழந்தையைத் தூது அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். இதில் பேரம் கிடையாது.

நெருக்கம் வளர்வது பெரும்பாலும் சண்டை இல்லாத சாதாரண நேரத்தில்தான். “இங்க பாரேன், மழை வருது” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் நிமிர்ந்து பார்க்கிறாரா? காட்மன் குழுவினர் இப்படிப்பட்ட சின்னச் சின்ன அழைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள், புதுமணக் காலத்தில் 86 சதவீத அழைப்புகளுக்குத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு “எங்க?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு எச்சரிக்கை. அடிக்குப் பயந்து நீங்கள் வாய்மூடி இருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. மனம்விட்டுப் பேசுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடி உதை உள்ள வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பதே ஆபத்தாகலாம். தனியாக உதவி தேடுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

மற்றவர்கள் “அவர் கவுன்சிலிங் வரமாட்டேங்கிறார், நான் மட்டும் வந்து என்ன பண்ண?” என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். தனியாக வாருங்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் பேச்சைத் தொடங்கும் விதம் மாறினாலே, எதிரில் இருப்பவர் வழக்கமாகச் செய்வதைச் செய்ய முடியாமல் தடுமாறுவார். பிறகு சிலர் தானாகவே கிளம்பி வருகிறார்கள். வராதவர்களும் உண்டு, அப்போதும் உங்கள் தூக்கத்தையாவது மீட்டுக்கொள்ளலாம்.