ராத்திரி எட்டு மணிக்கு இலையைப் படம் எடுக்காதீர்கள்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டார்: "சார், மல்லிகை இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. இரும்புச் சத்து இல்லைன்னு குரூப்ல சொன்னாங்க, அன்னபேதி போட்டேன். இப்ப ஓரமெல்லாம் கருகுது." அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட், இரும்புச் சத்துள்ள உப்பு. எவ்வளவு போட்டீர்கள் என்றேன். தொட்டிக்கு ஒரு கைப்பிடியாம். உண்மையாகவே இரும்புக் குறை வந்த மல்லிக்கே லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கத்தான் சொல்வோம்.

குரூப்பில் போட்ட முதல் படத்தை வாங்கிப் பார்த்தேன். போர்ட்டிகோவில் குண்டு பல்பு, ஜன்னல் வழியாக ஹால் டியூப்லைட். ஒரே இலையில் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் எலுமிச்சை மஞ்சள், அந்தப் பக்கம் நீலம் பாய்ந்த பச்சை. இரும்புக் குறை என்றால் கொழுந்தில்தான் முதலில் தெரியும், நரம்பு பச்சையாகவே நிற்கும். இது அடி இலை, நரம்பும் சேர்ந்து மஞ்சள். பின்னாலிருந்த வெள்ளைச் சுவரும் அதே மஞ்சள். அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

இந்த மாதத்தில் இது நான்காவது செடி. அதனால்தான் எழுதுகிறேன்.

"என் போன் நல்ல போன் சார், கலரை அதுவே சரிபண்ணிக்கும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. தயவுசெய்து இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குண்டு பல்பின் ஒளி ஏறக்குறைய 2700 கெல்வின், நம் வீட்டு வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500. போன் படம் முழுவதையும் பார்த்து, "இங்கே இருப்பது இந்த வெளிச்சம்" என்று பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வரும். பல்புக்குச் சரிசெய்தால் டியூப்லைட் பக்கம் நீலமாகும். டியூப்லைட்டுக்குச் சரிசெய்தால் பல்பு பக்கம் மஞ்சளாகும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் இரண்டுமே தப்பு. பிறகு ஆப்பில் போட்டு இழுத்தாலும் இதே கதைதான், ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடும். விலை உயர்ந்த கேமராவில் ரா ஃபைலாக, அதாவது கேமரா நிறம் திருத்தாத மூலப் படமாக, எடுக்கும் கல்யாண போட்டோகிராபர்களும் மண்டபத்து மேடைப் பூ அலங்காரத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான். நேரில் பார்க்கும்போது நமக்கு இது உறைப்பதில்லை, கண் தானே சமாதானம் செய்துகொள்கிறது.

பச்சை நிழல்வலைக்கு அடியில் எடுக்கும் படமும் இப்படித்தான் ஏமாற்றும். எங்கும் பச்சை ஒளி என்று போன் பச்சையைக் குறைத்துவிட, நல்ல இலையும் வெளிறித் தெரியும். ஊதா நிற வளர்ப்பு விளக்கின் கீழ் எடுத்ததை அனுப்பவே வேண்டாம். அந்த விளக்கில் பெரும்பாலும் சிவப்பும் நீலமும்தான். இல்லாத பச்சையை எந்த கேமராவும் கொண்டுவராது.

என்ன செய்யலாம்? காலை எட்டு, ஒன்பது மணிக்குள் வெயில் நேராக விழாத திறந்த இடத்தில் எடுங்கள். பக்கத்தில் எரியும் எல்லா விளக்கையும் அணையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அது மூன்றாவதாக ஒரு வெளிச்சம். வலைக்குள் இருந்தால் இலையைக் கிள்ளி வெளியே கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். தாள் எனக்கு மஞ்சளாகத் தெரிந்தால் விளக்கின் வேலை என்று உடனே சொல்லிவிடுவேன். முன்பக்கம், பின்பக்கம், முழுச் செடி என மூன்று படம் போதும். கொழுந்தா அடி இலையா என்று ஒரு வரி எழுதுங்கள்.

பூ எடுப்பவர்களுக்கும் ஒன்று. செம்பருத்தி மடிப்பே தெரியாத சிவப்புத் திட்டாக வருகிறதா? போன் திரையில் பூவைத் தொட்டு, பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். இதழின் ரேகை வந்துவிடும்.

அந்த அம்மாவைத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அடித்துளை வழியாக நன்றாக வடியவிடச் சொன்னேன், இரண்டு மூன்று தடவை. நேற்றுக் காலை படம் வந்தது, வெள்ளைத் தாளோடு. கருகிய இலைகள் உதிர்ந்துவிட்டன. கணுவில் இரண்டு தளிர், நல்ல பச்சை.