கொள்முதல்: சொல் ஒன்று, வேலை இரண்டு

காட்டுமன்னார்கோவில் பக்கம் கொள்முதல் என்றால் நெல்தான். ‘கொள்முதலுக்குப் போட்டாச்சா?’ என்று ஒருவர் கேட்டால், மூட்டை டிபிசிக்கு, அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அர்த்தம். அதே சொல் கடலூரில் ஓர் அரசு அலுவலகக் கோப்பில் வந்தால் பருப்பு, பாமாயில், மருந்து, மேசை நாற்காலி என எதுவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டும் ‘புரொக்யூர்மென்ட்’. வளரும் நாடுகளின் உணவு உதவி பற்றி ஆலோசகர்கள் எழுதும் அறிக்கைகளைத் தமிழாக்கும்போது எல்லா இடத்திலும் கொள்முதல் என்றே போட்டுவிட்டுப் போகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

‘கொள்’ என்றால் வாங்கு. புகார் வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலை ‘கொள்வதூஉம் மிகை கொளாது’ என்னும்போது கொள்வது என்பது வாங்குவதே. ‘முதல்’ என்பது போட்ட பணம். ஆகவே கொள்முதல் என்றால் சரக்கை வாங்கிய விலை. ‘கொள்முதலுக்கே கட்டலைங்க’ என்று கடைக்காரர் சொல்வது இந்தப் பொருளில்தான். தொகையைக் குறித்த சொல் அந்தத் தொகை கொடுத்து வாங்கும் செயலுக்கும் ஆகிவந்தது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘ப்ரோகூராரே’: ஒருவருக்காகக் கவனித்துக்கொள்ளுதல். இந்த வேர் புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் தன் வாக்கைப் போட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம் ‘ப்ரொக்யுராசியோன்’, அதே வேர்தான். தமிழ்ச் சொல்லுக்குள் பணம் இருக்கிறது, லத்தீன் சொல்லுக்குள் பொறுப்பு இருக்கிறது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 2002 அக்டோபர் முதல், பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில், இந்திய உணவுக் கழகத்தின் சார்பில் நெல் வாங்கிவருகிறது. அந்தச் ‘சார்பில்’ என்ற சொல்லில்தான் லத்தீன் வேர் உட்கார்ந்திருக்கிறது.

இனி இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்க்கலாம்.

நெல் கொள்முதலில் விலை முன்பே முடிவானது. 2025–26 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 131 சேர்ந்து 2,500. சன்ன ரகத்துக்கு 2,389உடன் 156 சேர்ந்து 2,545. 40 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் பொது ரகம் 1,000 ரூபாய், சன்னம் 1,018. பேரம் கிடையாது. விலையில் பேச ஒன்றுமில்லாததால் சண்டையெல்லாம் தரத்தில் வந்து நிற்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கல், மண் 1 சதவீதம். பதர், வைக்கோல் துணுக்கு 1 சதவீதம். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதம். முற்றாத, சுருங்கிய மணி 3 சதவீதம்.

இதில் ஆளைப் படுத்துவது ஈரப்பதம்தான். தை மாதம் அறுத்த சம்பாவைக் களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால், விடிகாலையில் உள்பக்கம் வேர்த்திருக்கும். அந்த நேரத்தில் குவியலின் மேலே எடுத்த மாதிரி ஒரு எண் காட்டும், வெயிலேறிக் கிளறிவிட்டு எடுத்தது வேறு எண் காட்டும். காய்ந்தபின் எடை குறைவதும் வெறும் கணக்குதான்: 20 சதவீத ஈரத்தில் 40 கிலோ இருந்த மூட்டையில் உலர்ந்த பொருள் 32 கிலோ. 17 சதவீதத்துக்கு இறங்கினால் மூட்டை 38.55 கிலோ. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தண்ணீராகப் போய்விட்டது. இதை யார் தலையில் கட்டுவது என்பதுதான் தராசுக்குப் பக்கத்தில் நடக்கும் பாதி வாக்குவாதம்.

பருப்பு வாங்குவது இதற்கு நேர் எதிர். அங்கே தரத்தை முன்பே முடிவு செய்துவிட்டு விலையைப் போட்டிக்குத் திறந்து வைக்கிறார்கள். ஒரு லட்சம் ரேஷன் அட்டைகளுக்கு, அட்டை ஒன்றுக்கு 1 கிலோ துவரம் பருப்பு என்றால் மாதம் 100 டன். இதற்கு டெண்டர். (டெண்டரை அரசு ‘விடும்’, வியாபாரி ‘போடுவார்’, கிடைத்தவர் ‘எடுப்பார்’, வினைச்சொல்லைக் கேட்டாலே பேசுகிறவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.) அரசுத் தமிழில் இது ஒப்பந்தப்புள்ளி. புள்ளி என்பது மதிப்பு, கணக்கு. புள்ளிவிவரத்தில் இருக்கும் அதே புள்ளி. கடலூர்ப் பக்கம் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் செல்லும்: டெண்டர் போட 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள். அங்கே சாதாரணமாக 3 வாரம்.

டெண்டர் கெட்டுப்போவது பெரும்பாலும் விலை உறையைப் பிரிப்பதற்கு முன்பே. தேவையைத் தாமதமாகக் கணக்கிட்டு, அவசரம் என்று சொல்லி நாளைக் குறைப்பார்கள். தூரத்து ஆலைக்காரர் விலகிவிடுவார், பழைய இரண்டு பேரே வருவார்கள். வரம்புக்குள் அடக்கப் பெரிய ஆர்டரைத் துண்டு போடுவது இன்னொன்று. மூன்றாவது, அடக்கத்துக்கும் கீழே விலை போட்டவருக்குக் கொடுப்பது. அவர் நட்டத்தைப் பருப்பில்தான் எடுப்பார்: முதல் லாரி மாதிரிக்கு ஒத்துவரும், நான்காவது லாரியில் உடைசலும் தூசியும் ஏறும். முதல் லாரியோடு சோதனையை நிறுத்திக்கொண்டால் அது தெரியவே தெரியாது.

வெளிநாடுகளிலும் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. சாம்பியாவில் அரசின் உணவு இருப்பு முகமை 50 கிலோ மக்காச்சோள மூட்டைக்கு விலை அறிவித்து வாங்குகிறது. மூட்டை போட்டும் பணம் வரவில்லை என்ற புகார் அங்கேயும் உண்டு. ஐ.நா.வின் உணவு உதவி அமைப்பான உலக உணவுத் திட்டமோ விலைப்புள்ளி கேட்டு வாங்கும். கப்பல், லாரி கூலியோடு இறக்குமதி என்ன அடக்கமாகும் என்று கணக்கிட்டு, உள்ளூர் விலை அதற்குள் இருந்தால் உள்ளூரில் எடுக்கும். 2008இல் அது 20 நாடுகளில் சிறு விவசாயிகளிடம் வாங்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியபோது, டெண்டர் முறை அவர்களுக்குக் கனமாக இருந்தது. விவசாயிகள் சங்கம் ஒப்பந்தம் போட்டபின் சந்தை விலை ஏறினால், உறுப்பினர்கள் வாசலுக்கு வந்த வியாபாரிக்குக் கைக்காசுக்கு விற்றுவிடுவார்கள். ஆகவே சிறிய அளவு டெண்டர், சங்கத்தோடு நேரடி ஒப்பந்தம் என்று முறையையே மாற்ற வேண்டியிருந்தது.

‘கொள்முதலில் போட்டியை அதிகரிக்க வேண்டும்’ என்று ஆலோசகர் எழுதினால் அவர் மனத்தில் இருப்பது பருப்பு டெண்டர். கீரப்பாளையத்து விவசாயி படித்தால் ஆதரவு விலையை எடுக்கப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார். அவர் மேல் தப்பில்லை, தமிழாக்கத்தில்தான் தப்பு.

இலங்கை அரசுத் தமிழில் இந்தப் பரந்த பொருளுக்குப் ‘பெறுகை’ என்று ஒரு சொல் புழங்குகிறது. தேவையைக் கணக்கிடுவது, தரம் எழுதுவது, விலை கேட்பது, ஒப்பந்தம், சரக்கு சோதிப்பது, பணம் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். நல்ல சொல், ஆனால் நம் பக்கம் காதில் ஏறாது. ‘பொதுக் கொள்முதல்’ என்றால் பொதுவாக எதையோ வாங்குவது போலிருக்கிறது. ஆகவே முழு வேலைக்கு ‘அரசுக் கொள்முதல்’, விலை அறிவித்து வாங்குவதற்கு ‘ஆதரவு விலைக் கொள்முதல்’, போட்டி வைத்து வாங்குவதற்கு ‘ஒப்பந்தப்புள்ளிக் கொள்முதல்’ என்று அடைமொழியோடு எழுதுவது என் தேர்வு. ஆலோசகருக்குக் கொடுக்கும் வேலைத்தாளுக்குப் ‘பணிவரையறை’ போதும். அதிலேயே எந்தக் கொள்முதல் என்று எழுதிவிட வேண்டும்.

புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. உணவு உதவி தொடர்ந்தது, ஆனால் வாங்கும் வேலை அட்டைதாரர் கைக்குப் போனது: சந்தையில் அரிசி விலை ஏறினால் ஏற்றம் அவருடையது, தரம் பார்ப்பதும் அவரே. இதைக் கொள்முதல் என்று எழுதக் கூடாது, ‘பண உதவி’ என்பதே சரி. 2024 அக்டோபரில் கடைகள் மறுபடி திறந்தபோது அரிசியோடு சாக்கு, எடை, மாதிரி, டெண்டர் எல்லாம் அரசு பக்கம் திரும்பி வந்தன.