ஒரு துகள் புழுதி நிலவாவது எப்படி?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்குப் போனபோது, லண்டன் சித்தப்பா எப்போதோ கொடுத்துவிட்ட சிறிய டிஜிட்டல் கமராவால் அம்மாவைப் படமெடுத்தாராம். இரவு நேரம், பிளாஷ் வெளிச்சம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மாவின் தோளுக்கு மேலே மூன்று வெள்ளை உருண்டைகள், மங்கிய நிலவுகள் போல மிதக்கின்றன. "பக்கத்து வீட்டு மாமி அது அண்ணாவின் ஆவி என்கிறார். அண்ணா 2009இல் காணாமற்போனவர். படத்தைப் பார்த்த நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த உருண்டைகள் என்ன ஐயா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மகள்: புழுதி. வைகாசியில் சோளகக் காற்று வீசத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த கோவில் வீதியில் புழுதிக்கு என்ன பஞ்சம்? ஆனால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் மாமி ஒப்புக்கொள்ளமாட்டார். அவரிடம் நியாயமான எதிர்க்கேள்விகள் இருக்கும். புழுதி என்றால் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? ஏன் இவ்வளவு பெரிது? ஏன் காசு வைத்து வரைந்தாற்போல் வட்டம்? கலியாண வீட்டுக்கு வருபவரின் பெரிய கமராவில் ஏன் அது விழுவதில்லை?

முதற் கேள்விக்கு விடை பள்ளிக்கூடப் பௌதிகத்திலேயே இருக்கிறது. வெளிச்சத்தின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். அம்மா 3 மீற்றர் தள்ளி நிற்கிறார். ஒரு துகள் கமராவின் மூக்குக்கு முன்னால் 5 சென்ரிமீற்றரில் பறக்கிறது. தூரத்தில் 60 மடங்கு வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 3600 மடங்கு. பிளாஷ் மின்னி மறையும் அந்தக் கணத்தில், அம்மாவின் முகத்தைவிட அந்தத் துகள் அவ்வளவு பலமாக ஒளியில் குளிக்கிறது. கோவில் மின்விளக்கில் அது உங்கள் கண்ணுக்குப் படாததில் அதிசயம் ஒன்றுமில்லை.

இனி வட்டம். நான் படிப்பித்த காலத்தில் இந்த இடம் வந்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன்.

கோவிலடியில் கச்சான் விற்பவர் கடதாசியைச் சுருட்டிச் சரை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒளிபட்ட துகளைச் சரையின் கூர்முனை என்று வையுங்கள். சரையின் வாய் கமராவின் வில்லைத் துவாரம். துகளிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒளி சிதறினாலும் இந்தக் கூம்புக்குள் அடங்கும் ஒளி மட்டுமே உள்ளே போகிறது. வில்லை அதை வளைத்து உட்புறம் இன்னொரு சரையாகக் குவிக்கிறது. கமரா அம்மாவின் முகத்துக்குக் குவியப்படுத்தப்பட்டிருப்பதால், முகத்திலிருந்து வரும் சரைகளின் கூர்முனைகள் சரியாக உணரியின் (கமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லின்) மீது வந்து குத்துகின்றன, படம் தெளிவாகிறது. துகளோ மிக அருகில் இருக்கிறது. அதன் சரை கூராகி முடிய வேண்டிய இடம் உணரிக்கும் பின்னால். முனைக்கு வருமுன்பே உணரி குறுக்கே நின்று சரையை வெட்டிவிடுகிறது. கச்சான் சரையைக் குறுக்கே வெட்டினால் என்ன கிடைக்கும்? வட்டம்.

இதில் எனக்கு அலுக்காத விசயம் ஒன்று உண்டு. சரையின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதன் வாய். முனையில் இருப்பது எதுவானாலும் சரிதான். துகள் செம்மண்ணாக இருக்கலாம், நெல் உமியின் தும்பாக இருக்கலாம், விட்டில் சிறகின் செதிலாக இருக்கலாம். மூன்றும் ஒரே வட்டமாகத்தான் விழும். உங்கள் படத்தில் மிதப்பது உங்கள் கமராத் துவாரத்தின் சொந்த உருவப்படம். அதனால்தான் துவாரம் தகடுகளால் பாதி மூடப்பட்டிருக்கும்போது இத்தகைய உருண்டைகள் அறுகோணமாகவோ ஓரம் வெட்டுண்டோ வருவதுண்டு. எந்த ஆவி அறுகோணத்தில் வரும்?

கிடுகுக் கொட்டிலுக்குள் நண்பகலில் படுத்திருந்தவர்களுக்கு இதன் மறுதலை தெரியும். கூரை ஓட்டைகள் கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் விழும் வெயிற் பொட்டுகள் வட்டமாகவே இருக்கும். அங்கே ஓட்டை மிகச் சிறிது, தரை தூரம். ஆகவே பொட்டு எடுத்துக்கொள்வது சூரியனின் வடிவத்தை. 2019 டிசம்பர் 26இல் வடமாகாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, அப்படி வெயில் விழுந்த இடங்களில் பொட்டுகள் வளையங்களாயின. கிடுகு ஓட்டை மூலத்தைக் காட்டுகிறது. குவியம் தப்பிய கமரா வாசலைக் காட்டுகிறது.

பெரிய கமரா விசயத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறிய கமராவின் குவியத்தூரம் (தொலைவிலிருந்து வரும் ஒளியை வில்லை குவிக்கும் தூரம்) சுமார் 5 மில்லிமீற்றர், துவாரம் 2 மில்லிமீற்றருக்கும் குறைவு, உணரியின் அகலம் 6 மில்லிமீற்றர் சொச்சம். 5 சென்ரிமீற்றரில் உள்ள துகளின் வட்டம் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு. 15 சென்ரிமீற்றர் அகலப் பிரதியில் 4 மில்லிமீற்றர். அதே துகள் 50 மில்லிமீற்றர் வில்லையும் 36 மில்லிமீற்றர் உணரியும் கொண்ட கமராவில் படத்தின் பாதி அகலத்துக்குப் பரவிவிடும். ஒரு தேக்கரண்டிப் பாலைக் கிணற்றில் ஊற்றியது போல. அங்கே இருக்கும், ஆனால் தெரியாது. போதாததற்குச் சிறிய கமராவில் பிளாஷ் வில்லையை ஒட்டியே இருக்கிறது. பெரியதில் அது உயரத்தில் இருப்பதால் வில்லையின் முன்னே பறக்கும் துகளில் நேரே படாது.

இந்தக் கமராக்களுக்கு வழி திறந்த ஒளியுணரிச் சில்லை 1969இல் வில்லார்ட் பாயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 2009 ஒக்ரோபரில். அப்போது வன்னிச் சனங்களில் பெரும் பகுதி செட்டிகுளம் முகாமில் முள்வேலிக்குப் பின்னால் இருந்தது. அந்தச் செய்தி இங்கே யார் காதில் விழுந்திருக்கும்? இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு இந்த நாடு ஒதுக்குவது மொத்த உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். பேயோட்டக் கழிப்புக் கழிப்பவர்களுக்கு நம் சனங்கள் கொடுக்கும் காசை யாரும் கணக்கெடுப்பதில்லை.

மாமியை நான் குறை சொல்லவில்லை. ஆறுதல் என்று நினைத்தே சொல்லியிருப்பார். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் உட்கார்ந்து கேட்டது, பிள்ளை எங்கே என்று. ஆவி என்ற சொல் அந்தக் கேள்விக்குச் சான்று எதுவும் இல்லாமல் மரணப் பதிவு எழுதிவிடுகிறது. உங்கள் அம்மா சாப்பிடாததன் காரணம் அதுவாக இருக்கலாம். அந்தப் படத்தில் அண்ணாவைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

சொன்னால் மட்டும் போதாது, செய்து காட்டுங்கள். இருட்டியபின் முற்றத்தை விளக்குமாற்றால் நன்றாகக் கூட்டுங்கள். புழுதி அடங்குமுன் அதே கமராவால் பிளாஷோடு ஒரு படம். பிறகு பிளாஷை நிறுத்தி, முற்றத்து விளக்கைப் போட்டு, கமராவைக் கிணற்றுக் கட்டில் அசையாமல் வைத்து, பொத்தானை அழுத்தி 2 வினாடி கழித்துத் தானாகப் படமெடுக்கும்படி செய்து இன்னொன்று. முதலாவதில் ஐம்பது நிலவுகள் இருக்கும், இரண்டாவதில் முற்றம் மட்டும் இருக்கும். கூட்டுகிற வேலையை மாமியிடமே கொடுங்கள்.