காஸ்பல்: ஒரு நல்ல சேதி பாட்டின் பெயரான கதை

கிறிஸ்தவத் துதி இசை வகை ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் காஸ்பல், கோஸ்பல், காஸ்பெல் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். தென்னாப்பிரிக்கக் குழு ஒன்றின் காணொலியைப் பகிரும்போது "ஆப்பிரிக்கன் காஸ்பல்" என்று போடுவதோடு சரி, அதற்கு மேல் அந்தச் சொல்லை யாரும் தொடுவதில்லை. தொட்டுப் பார்க்க வேண்டிய சொல் அது.

மூலம் கிரேக்கம்: எவாங்கெலியோன். முன்பாதிக்கு நல்ல என்று பொருள், பின்பாதிக்குச் சேதி. பழைய ஆங்கிலம் பேசியவர்கள் இதை அப்படியே கடன் வாங்காமல் தங்கள் மொழியிலேயே கோட்ஸ்பெல் என்று பெயர்த்தார்கள். நெடில் ஓகாரத்தோடு கோட் என்றால் நல்ல, ஸ்பெல் என்றால் கதை அல்லது செய்தி. பிறகு அந்த நெடில் குறுகிப்போனதும் 'நல்ல' என்பது 'கடவுள்' என்று காதில் விழ ஆரம்பித்து, பலரும் இதைக் கடவுளின் கதை என்றே எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சொல் ஐஸ்லாந்து மொழிக்குப் போனபோது அந்தப் புதுப் பொருளோடுதான் போனது, இன்றும் அங்கே அதன் முதல் பாதி கடவுளையே குறிக்கிறது.

ஆப்பிரிக்க மொழிகளும் இதே வேலையைச் செய்திருக்கின்றன. யொருபாவில் இஹின்ரெரே: இஹின் என்றால் சேதி, ரெரே என்றால் நல்ல. இக்போவில் ஓஸி ஓமா, அதுவும் நல்ல சேதிதான். சுவாஹிலியின் இஞ்ஜிலி அரபு வழியாக வந்தது, ஸூலுவின் இவாங்கெலி ஐரோப்பிய வடிவத்திலிருந்து வந்தது. நம் சுவிசேஷமும் இந்தக் குடும்பம்தான். சு என்றால் நல்ல, விசேஷம் என்றால் "வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்கிறோமே, அந்த விசேஷம். கத்தோலிக்கர் வழங்கும் நற்செய்தி இதையே தமிழ் வேர்களில் சொல்கிறது.

சரி, சேதி எப்படி இசைக்குப் பெயரானது? அமெரிக்காவில் பிலிப் பிளிஸ் 1874இல் வெளியிட்ட பாடல் தொகுப்பின் தலைப்பிலேயே காஸ்பல் பாடல்கள் என்று இருந்தது. 1930களில் சிகாகோவில் தாமஸ் டோர்சி, ப்ளூஸ் இசையில் ஊறிய கையோடு கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டுக்குப் புது உருவம் கொடுத்தார். இன்று உலகம் காஸ்பல் என்று சொல்லும்போது முதலில் நினைப்பது அதைத்தான்.

ஆனால் ஆப்பிரிக்க காஸ்பலை அமெரிக்கச் சரக்கின் கிளை என்று நினைப்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம். தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் இன்ட்சிகானா என்ற ஆரம்பகாலக் கிறிஸ்தவர் பாடிய துதிப்பாட்டு இன்றும் பாடப்படுகிறது, அவர் இறந்ததோ 1821இல். டோர்சி பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தைய கதை அது. ஸூலு மொழியில் இந்த இசைக்கு உம்குலோ வொகோலோ என்று சொந்தப் பெயரே உண்டு, பொருள் விசுவாசத்தின் இசை.

மிஷனரிகள் ஐரோப்பிய மெட்டுகளைக் கொண்டுவந்து உள்ளூர்ச் சொற்களை அதில் பொருத்தியபோது ஒரு சிக்கல் வந்தது. இந்த மொழிகளில் பலவற்றில் குரல் ஏறுவதும் இறங்குவதும் பொருளையே மாற்றும். யொருபாவில் ஓக்கோ என்பது குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக் கணவன் ஆகும், மண்வெட்டி ஆகும், வண்டியும் ஆகும். மெட்டு ஒரு பக்கம் இழுக்க, மொழி இன்னொரு பக்கம் இழுக்க, துதிக்க வாய் திறந்தவர் வேறெதையோ சொல்லிவிடுவார். அதனால்தான் நைஜீரியாவின் லாகோஸ் நகரத் தேவாலய ஆர்கன் கலைஞர் எகுண்டாயோ பிலிப்ஸ் போன்றவர்கள், மொழியின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி மெட்டு அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தி அப்படியே இசையமைத்தும் காட்டினார்கள். ஆப்பிரிக்க காஸ்பலின் தனி உருவம் இப்படி மொழிக்குக் கட்டுப்பட்டதால் வந்தது என்றே நான் சொல்வேன்.

அப்புறம், ஒரே பாட்டில் பல மொழிகள் எப்படி? 1886இல் தங்கம் கிடைத்த பிறகு ஜோஹன்னஸ்பர்க் சுரங்கங்களுக்கு கோசா, ஸூலு, சோத்தோ, ஸ்வானா, சோங்கா என்று பல மொழிக்காரர்கள் வந்து குவிந்தார்கள். நிறவெறி அரசு 1950களில் அந்நகரை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவை மொழி வாரியாகப் பகுதி பிரித்துக் குடியமர்த்தியது, ஸூலு பேசுபவர் ஒரு பக்கம், சோத்தோ பேசுபவர் இன்னொரு பக்கம், வெண்டாவும் சோங்காவும் பேசுபவர் வேறொரு பக்கம். அதே சொவெட்டோவில் 2002இல் தொடங்கிய சொவெட்டோ காஸ்பல் கொயர் ஒரே மேடையில் இந்த மொழிகளை மாற்றி மாற்றிப் பாடுகிறது, 2007, 2008, 2019 என்று மூன்று கிராமி விருதுகளும் வாங்கியிருக்கிறது. முதல் ஜனநாயகத் தேர்தல் நடந்த 1994இல் தொடங்கிய ஜாயஸ் செலிப்ரேஷன் குழுவும் இப்படித்தான் மொழி தாண்டிப் பாடுகிறது.

இதற்கு வசதியாக இருப்பது கோரஸ் எனப்படும் குட்டிப் பாட்டு. சொற்கள் மிகக் குறைவு, ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், சபை திருப்பிச் சொல்லும், மொழி தெரியாதவர்கூட இரண்டாவது சுற்றில் சேர்ந்துவிடலாம். கடவுளை ஸூலுவில் உன்குலுன்குலு என்பார்கள், சோத்தோவில் மொடிமோ, வெண்டாவில் முட்ஸிமு. ஆமென், அல்லேலூயா எல்லோருக்கும் பொது. கோசாவில் கடவுளைக் குறிக்கும் உதீக்கோ, நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டிய சொல், அதுவே அந்த மண்ணின் பழங்குடிகளான கொய்கொய் மக்களிடமிருந்து வந்தது!

மெதடிஸ்ட் பள்ளி ஆசிரியர் ஈனோக் சொன்டோங்கா 1897இல் கோசாவில் எழுதியதும் ஆப்பிரிக்காவை ஆசீர்வதிக்கும்படி கேட்கும் ஒரு ஜெபப் பாட்டுதான். அது விடுதலைப் போராட்டத்தின் பாட்டாகி, 1997 முதல் கோசா, ஸூலு, சோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் பாடும் தென்னாப்பிரிக்கத் தேசிய கீதத்தின் முதல் பகுதியாக இருக்கிறது.

இனி தமிழில் என்ன சொல்வது? ஞானப்பாட்டு பொருந்தாது, அது புத்தகத்தைப் பார்த்துச் சரணம் சரணமாகப் பாடும் பாட்டு. கீர்த்தனை என்றால் நம் காதில் ராகமும் தாளமும் வந்துவிடும். இசைவகைக்கு நற்செய்தி இசை, தனிப்பாட்டுக்கு நற்செய்திப் பாடல், குழுவுக்கு நற்செய்திப் பாடகர் குழு என்பதே என் தேர்வு. சுவிசேஷப் பாடல் என்று வழங்குபவர்கள் அப்படியே வழங்கலாம், பொருள் ஒன்றுதான். தென்னாப்பிரிக்க இசையைத் தனியாகச் சுட்டும்போது ஸூலு வழியில் விசுவாச இசை என்பதும் நன்றாகவே இருக்கிறது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் பாடும் அந்த முறைக்கு "அழைப்பும் பதிலும்" என்று புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை, வில்லுப்பாட்டில் வழங்கும் பின்பாட்டு என்ற சொல்லே போதும்.