அப்பாவை எடுத்துவிட்டு அம்மாவை வைத்துப் பாருங்கள்

“விளம்பரத்தில் பாலின வார்ப்பு இருக்கிறது என்கிறார்களே, அது பார்ப்பவர் மனதைப் பொறுத்ததுதானே? இதையெல்லாம் ஆய்வு என்று எப்படிச் சொல்ல முடியும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாலின வார்ப்பு என்றால், ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று அச்சில் வார்த்ததுபோல் காட்டுவது. நியாயமான கேள்விதான். தராசில் வைத்து நிறுக்க முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். சோதனைக் கருவியும் கைவசம் இருக்கிறது. காசு பணம் வேண்டாம்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரியும் பொருள் ஒன்று, அது உணர்த்தும் பொருள் இன்னொன்று. பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964-ல் ஒரு பாஸ்தா விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, தக்காளியும் குடைமிளகாயும் சிவப்புப் பின்னணியும் சேர்ந்து எப்படி ‘இத்தாலி’ என்று சொல்கின்றன எனப் பிரித்துக் காட்டினார். பிறகு வந்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் விளம்பரப் படங்களில் விரல்களைக் கவனித்தார். ஆணின் கை பொருளை இறுகப் பிடிக்கிறது. பெண்ணின் விரல் அதன் விளிம்பை வருடுகிறது, பட்டும் படாமலும் தொடுகிறது. இன்றிரவு டிவியில் சாக்லேட் விளம்பரம் வந்தால் விரல்களை மட்டும் பாருங்கள்.

இனி அந்தக் கருவி. மொழியியலாரிடமிருந்து வந்தது. ‘கல்’லில் ஓர் ஒலியை மாற்றினால் ‘பல்’. பொருள் மாறிவிட்டதால் அந்த ஒலிக்கு வேலை இருக்கிறது என்று அறிகிறோம். படத்திலும் அப்படித்தான். ஒரே ஒரு கூறை மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. அர்த்தம் அசையாவிட்டால் அந்தக் கூறு வெறும் அலங்காரம். கவிழ்ந்தால், குறியீடு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பிரிட்டனில் 2019 ஜூனில், தீங்கு தரும் பாலின வார்ப்புகளுக்கு எதிரான விளம்பர விதி நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டில் அதன்படி முதன்முதலாகத் தடை செய்யப்பட்ட இரண்டில் ஒன்று, மாண்டலீஸ் கம்பெனியின் ஃபிலடெல்ஃபியா பாலாடைக்கட்டி விளம்பரம். ஒரு பெண் குழந்தையை ஓர் ஆணிடம் கொடுக்கிறாள். உணவகத்தில் இன்னொரு புது அப்பாவும் இருக்கிறார். சாப்பாடு வைத்த பெல்ட் நகர்ந்துகொண்டிருக்கிறது. இருவரும் பாலாடைக்கட்டியில் சொக்கிப்போக, குழந்தைகள் பெல்ட்டில் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. பதறியடித்து மீட்ட பிறகு, “அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்” என்கிறார் ஒருவர். 128 புகார்கள். அம்மாக்கள்தான் குழந்தை வளர்க்க வேண்டும் என்ற வார்ப்பைத் தவிர்க்கவே அப்பாக்களை வைத்தோம் என்பது கம்பெனியின் பதில்.

இங்கே கருவியைப் போடுவோம். ஆண்களுக்குப் பதில் இரண்டு அம்மாக்கள், மற்றதெல்லாம் அப்படியே. குழந்தை பெல்ட்டில் போனதும் சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை, ‘இவளெல்லாம் ஒரு தாயா’ என்ற கோபம்தான் அரங்கில் எழும். அதே கவனக்குறைவு ஆணிடம் வேடிக்கை, பெண்ணிடம் குற்றம். கடைசி வசனத்தையும் மாற்றுங்கள்: “அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்.” உடனே அடிவயிற்றில் ஒரு பயம். முதல் வசனத்தில் வீட்டில் இல்லாத அம்மா, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போன மேலாளர். இரண்டாவதில் அப்பா தண்டிப்பவர். குழந்தையைக் கைமாற்றும் அந்த முதல் ஷாட் எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. பொறுப்பு யாருடையது, இரவல் யாருக்கு என்பதை அது பேச்சில்லாமலே சொல்லிவிடுகிறது. ஆளை மாற்றினார்கள், பொறுப்பை மாற்றவில்லை.

இப்படி ஷாட் ஷாட்டாகப் படிக்கும் படிப்புக்கு நம் பல்கலைக்கழகங்களில் நிதி கேட்டால் ‘விளம்பரம் பார்க்கவா காசு?’ என்பார்கள். விளம்பரக் கம்பெனிகள் அப்படிக் கேட்பதில்லை. எந்த முகம் எவ்வளவு விற்கும் என்று காசு கொட்டித்தான் ஆராய்கின்றன. விற்பவருக்கு இருக்கும் அக்கறை வாங்குபவருக்கு இல்லாதது எனக்கு எரிச்சல்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாண்டலீஸின் இந்தியப் பிரிவு 2021 செப்டம்பரில் இந்தச் சோதனையைத் தானே படமாக எடுத்துக் காட்டியது. 1990-களின் கேட்பரி டெய்ரி மில்க் கிரிக்கெட் விளம்பரம் நினைவிருக்கும்: பேட்ஸ்மேன் சிக்ஸர் அடிக்க, பூப்போட்ட உடைக்காரப் பெண் காவலருக்குப் போக்குக் காட்டி மைதானத்தில் ஆடிக்கொண்டே ஓடுவாள். புதியதில் அடிப்பவர் பெண். ஆடிக்கொண்டு ஓடுகிறவர் ஆண். அதே பாட்டு, ஏறக்குறைய அதே ஷாட்கள். அவன் வெட்கமில்லாமல் இடுப்பை ஆட்டுவதைப் பார்த்தபோதுதான், பழையதில் சாதிக்கும் வேலை ஆணுக்கும் அதைப் பார்த்துப் பூரிக்கும் வேலை பெண்ணுக்கும் பங்கிடப்பட்டிருந்தது பலருக்கு உறைத்தது. முன்பு அது வெறும் குதூகலமாகத்தான் தெரிந்தது.

ஃபிலடெல்ஃபியா சறுக்கிய இடத்தில் இது நின்றதற்குக் காரணம், இங்கே வேலையும் சேர்ந்து கைமாறியது. ஆனாலும் இன்னொரு மாற்று பாக்கி. அடிப்பவர், ஆடுகிறவர் இருவரையும் பெண்களாகவே வையுங்கள். பலரும் அதைத் தோழிகளின் கொண்டாட்டம் என்றுதான் படிப்பார்கள். ஜோடி என்ற எண்ணமே எழாது. ஆக, காதல் என்று நாம் படித்ததும் ஆண்-பெண் ஜோடி என்ற குறியீட்டை வைத்துத்தான். அதை 2021-ன் படம் தொடவே இல்லை.