எட்டை மூன்றால் வகுக்கும் திரை

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து, உயர்தர வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் அவருடைய அண்ணன், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பழைய விளையாட்டுகளை ஆடக்கூடிய கைக்கருவி ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்றின் பெட்டியில் பத்தாயிரம் விளையாட்டுகள் என்றும் மற்றதில் ஐயாயிரம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எதை எடுக்கச் சொல்வது என்பது அவருடைய கேள்வி.

இரண்டு எண்களையும் பொருட்படுத்த வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி உரிமம் பெறாத நகல்கள். ஒரே விளையாட்டே நான்கைந்து பெயர்களில் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கும். அவற்றைச் சுமந்துவரும் மெமரி கார்டும் பெரும்பாலும் மிக மலிவானது. என்னுடையது இரண்டு மாதத்தில் உயிரை விட்டது. பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் வேறு இரண்டு எண்கள் இருக்கும்: திரையின் அகலத்தில் எத்தனை புள்ளிகள், உயரத்தில் எத்தனை புள்ளிகள் என்பவை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் அவற்றை வைத்து ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கருவிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989 இல் வெளிவந்த நின்டெண்டோ கேம்போய் என்ற கைக்கருவியின் புரொசெசர், செக்கனுக்கு ஏறத்தாழ 4.19 மில்லியன் துடிப்புகளில் இயங்கியது. விளையாட்டு என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட எண்களின் நீண்ட வரிசை. 60 என்ற எண் கட்டளையாக வந்தால், திரட்டிப் பதிவகத்தில், அதாவது புரொசெசர் கணக்குப் போடும் எண்ணை வைத்திருக்கும் இடத்தில், இருப்பதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள். இன்றைய கருவியின் புரொசெசருக்கு அந்தப் பாஷை தெரியாது. அந்தக் காலத்தில் துரை ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லி வேலை வாங்கிய கங்காணியைப் போல, எமுலேட்டர் என்னும் மென்பொருள் நடுவில் நின்று ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அதே விளைவைத் தன் புரொசெசரைக் கொண்டு உண்டாக்குகிறது. ஒரு கட்டளைக்குப் பல கட்டளைகள் செலவானாலும் கவலையில்லை. மியூ மினி பிளஸ் போன்ற மலிவான கருவியின் புரொசெசர்கூட 1.2 கிகாஹேர்ட்ஸில், அதாவது கேம்போயைவிட ஏறத்தாழ 286 மடங்கு வேகமான துடிப்பில் ஓடுகிறது. ஆகவே கேம்போய் காலத்து விளையாட்டுகளைப் பொறுத்தவரை, விற்பனையாளர் பெருமையோடு சொல்லும் புரொசெசர் வேகம் உங்களுக்குப் பெரிதாக உதவப் போவதில்லை.

சிக்கல் கணக்கு முடிந்த பிறகு, படத்தைத் திரையில் போடும்போதுதான் தொடங்குகிறது. 2001 இல் வந்த கேம்போய் அட்வான்ஸின் திரையில் அகலத்துக்கு 240 புள்ளிகளும் உயரத்துக்கு 160 புள்ளிகளும் இருந்தன. இன்று மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பல 640 × 480 புள்ளிகள் கொண்ட 3.5 அங்குலத் திரையோடு வருகின்றன. பழைய படத்தின் 240 புள்ளிகளைப் புதிய திரையின் 640 புள்ளிகளில் நிரப்ப வேண்டுமென்றால், ஒவ்வொரு பழைய புள்ளிக்கும் இரண்டே முக்கால் கூட இல்லாமல், சரியாக இரண்டும் மூன்றில் இரண்டும் என்று புதிய புள்ளிகள் கிடைக்க வேண்டும். திரையிலோ முழுப் புள்ளிகள் மட்டுமே உண்டு. மூன்றில் இரண்டு புள்ளியை யாரும் செய்து விற்பதில்லை.

இதை லயத்துக் காம்பராக் கணக்காக, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் அறைக் கணக்காகப் பாருங்கள். ஒரு வரிசையில் எட்டுக் காம்பராக்கள் இருக்கின்றன; மூன்று குடும்பங்கள் குடியேற வேண்டும்; காம்பராவை உடைக்கக் கூடாது. முதல் குடும்பத்துக்கு மூன்று, நடுக் குடும்பத்துக்கு இரண்டு, கடைசிக் குடும்பத்துக்கு மூன்று என்று கொடுக்கலாம்; எப்படிக் கொடுத்தாலும் சமமாக வராது. எமுலேட்டரும் மிக எளிய முறையில் படத்தைப் பெருக்கும்போது இதையே செய்கிறது. 3, 2, 3 என்ற இந்தப் பங்கீடு திரையின் அகலத்தில் 80 தடவை திரும்பத் திரும்ப நடக்கிறது.

படம் அசையாமல் நிற்கும்வரை இந்த அநியாயம் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டில் ஒரு புள்ளி அகலமுள்ள விளக்குக் கம்பம் இருப்பதாகவும், உங்கள் வீரன் நடக்க நடக்க அது திரையில் இடப்பக்கமாக நகர்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணம் அது மூன்று காம்பராக் குடும்பத்தின் இடத்தில் நிற்கிறது, அடுத்த கணம் இரண்டு காம்பராக் குடும்பத்தின் இடத்துக்குப் போய்விடுகிறது, அதற்கடுத்து மறுபடியும் மூன்று. கம்பம் மெலிந்தும் தடித்தும் நடுங்கிக்கொண்டே போகிறது. செங்கல் சுவர் முழுவதும் இப்படி நகரும்போது, அது ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப்போல நெளிகிறது. கருவி பழுதென்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பழுது வகுத்தலில் இருந்தது.

எட்டாம் இலக்கம் ராசியில்லை என்று ஃபோன் நம்பரை மாற்றிக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். எட்டும் மூன்றும் இங்கே ஒத்துப்போகாததற்குக் கிரகம் தேடத் தேவையில்லை, பகாக் காரணிகளே போதும். 640 ஐப் பிரித்தால் ஏழு இரண்டுகளும் ஓர் ஐந்தும் வருகின்றன; அதில் மூன்று என்ற காரணியே கிடையாது. 240 க்குள்ளோ நான்கு இரண்டுகளோடும் ஓர் ஐந்தோடும் ஒரு மூன்றும் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒற்றை மூன்றுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

இதற்கு மூன்று பரிகாரங்கள் உண்டு. முதலாவது, படத்தைச் சரியாக இரண்டு மடங்கு மட்டும் பெருக்குவது. அப்போது 480 × 320 புள்ளிகளில் படம் கூர்மையாக நிற்கும். ஆனால் சுற்றிலும் கறுப்பு விளிம்பு தங்கிவிடும். 3.5 அங்குலத் திரையில் இந்தப் படத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 2.5 அங்குலம்தான், பழைய கருவியிலேயே 2.9 அங்குலம் இருந்தது என்பதை நினைத்தால், காசு கொடுத்துப் படத்தைச் சிறிதாக்கிக்கொண்ட வருத்தம் வரும்.

இரண்டாவது பரிகாரத்தை நான் முதன்முதலில் தாளில் வரைந்து பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். காம்பராவை உடைக்கக் கூடாது, சரி. நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே? மூன்றாவது காம்பராவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் குடும்பத்துக்கும், மிச்சம் நடுக் குடும்பத்துக்கும் போகிறது. ஆறாவது காம்பராவில் மூன்றில் ஒரு பங்கு நடுக் குடும்பத்துக்கும், மிச்சம் கடைசிக் குடும்பத்துக்கும் போகிறது. கூட்டிப் பார்த்தால் மூவருக்கும் இரண்டும் மூன்றில் இரண்டும் என்று ஒரே அளவு. புள்ளிகளின் பாஷையில் சொன்னால், எல்லையில் இருக்கும் புள்ளி மட்டும் இருபக்க நிறங்களையும் அந்தந்த விகிதத்தில் கலந்து ஏற்றுக்கொள்கிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று நிற்கிறது. இந்தத் திரையில் ஒரு மில்லிமீற்றருக்குள் ஒன்பது புள்ளிகள் அடங்குவதால் அந்தச் சாம்பலைக் கண் பிரித்தறிவதில்லை. கம்பம் மட்டும் ஒரே தடிப்பில் அமைதியாக நகர்கிறது. படம் முழுவதையும் மழுக்கிவிடும் வழக்கமான மென்மையாக்கம் வேறு, எல்லையை மட்டும் தொடும் இது வேறு; அமைப்புப் பட்டியலில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

மூன்றாவது பரிகாரம், கணக்குச் சரியாக வரும் திரையையே வாங்குவது. அன்பர்னிக் நிறுவனத்தின் ஆர்ஜி 34 எக்ஸ்எக்ஸ் கருவியில் திரை 720 × 480. மூன்றால் வகுத்தால் 240 × 160 மீதியின்றி வருகிறது.

மற்றப் பழைய கருவிகளுக்கு 640 × 480 திரை நல்லதே. முதல் பிளேஸ்டேஷனின் விளையாட்டுகளில் அடிக்கடி வரும் 320 × 240 அதில் இரண்டு மடங்காகத் துல்லியமாகப் பொருந்துகிறது. மஞ்சள் நிறக் கசட்டைச் செருகித் தொலைக்காட்சியில் ஆடினோமே, அந்த டிவி கேமின் 256 × 240 படமும் உயரத்தில் சரியாக இரண்டு மடங்கு. முதல் கேம்போயின் 160 × 144 மூன்று மடங்கில் 480 × 432 ஆகி, பக்கங்களில் 80 புள்ளிகளும் மேலும் கீழும் 24 புள்ளிகளும் மிச்சம் விடுகிறது. அப்படியும் பழைய திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும்.

மிச்சம் விழுவது இடத்தில் மட்டுமல்ல, நேரத்திலும் உண்டு. கேம்போய் செக்கனுக்கு 59.73 படங்களைக் காட்டியது. புதிய திரை 60 காட்டுகிறது. ஏறத்தாழ 3.7 செக்கனுக்கு ஒரு படம் இரண்டு முறை தோன்றி, ஓட்டம் ஒரு கணம் இடறும். விளையாட்டை ஆயிரத்துக்கு நாலரைப் பங்கு வேகமாக ஓட்டினால் இடறல் நின்றுவிடும்; சுருதியும் அதே அளவு ஏறும், ஆனால் காது கண்டுபிடிப்பதில்லை.

ஆகவே தம்பி, அண்ணன் கடையில் நிற்கும்போது அந்த இரண்டு எண்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அட்வான்ஸ் விளையாட்டுகளே அதிகம் ஆடுவீர்களென்றால் 720, 480 என்ற பதிலுக்குக் காத்திருங்கள். பிளேஸ்டேஷனும் டிவி கேமும் என்றால் 640, 480 போதும். ஒரு விளையாட்டைப் போட்டு வீரனை மெதுவாக நடக்கவிட்டு, பின்னாலுள்ள மெல்லிய செங்குத்துக் கோடொன்றை அவர் உற்றுப் பார்க்கட்டும். அது தடித்தும் மெலிந்தும் போனால், எல்லைப் புள்ளியை மட்டும் கலக்கும் அமைப்பு அந்தக் கருவியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.